எந்த நாடு? யார் ஜாமீன்?

“அந்த நாட்டுல நம்மள என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களா தம்பி?”

விழுப்புரத்தை ஒட்டிய ஒரு காலனியில் எங்கள் இரவுப் பாடசாலை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலை. சென்ற மாதம் ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். நீர் மேலாண்மையில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்கிறாள். கையில் ஒரு கன்சல்டன்சி கொடுத்த வழவழப்பான அட்டை. இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று கொடிகள் வரிசையாக இருந்தன. மகள் கட்டணம் பற்றிக் கேட்டாள், விசா பற்றிக் கேட்டாள், படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் தங்கலாம் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்குத்தான் உடனே வாய் வரவில்லை.

“கேட்க மாட்டார்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. நம் தோழர்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கடல் தாண்டிவிட்டால் சாதி இல்லை, எந்த நாடாக இருந்தால் என்ன, கிளம்பு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த நாடு என்பது முக்கியம். மற்ற வீட்டுப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு அது கூடுதல் முக்கியம். ஆனால் யூடியூபில் நாடுகளை வரிசைப்படுத்திப் பேசுகிறவர்கள் சொல்லும் காரணங்களுக்காக அல்ல.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். நம் வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபரின் உத்தரவாதம் போதும். அதற்குமேல் சொத்தை அடமானம் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் எங்கே போதும்? ஆக, சொத்துள்ளவருக்கே கடன்.

காலனியில் சொத்து என்றால் என்ன? பெரும்பாலும் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. அதில் கைமாற்றக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். கைமாற்ற முடியாத மனையை எந்த வங்கி அடமானமாக எடுத்துக்கொள்ளும்? சிலருக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலம் இருக்கலாம். கடன் வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் மேலாளர் அந்தப் பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பஞ்சமி நிலம் என்றால் கேட்கவே வேண்டாம். 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் நம்மிடமிருந்து பறிபோனபோது எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த அதே நிபந்தனை, வங்கி வாசலில் மட்டும் தவறாமல் எழுந்து நிற்கிறது.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சொந்தமாக மாடி வீடு கட்டிய குடும்பங்களும் உண்டு. மதிப்பீட்டாளர் வருவார், அளப்பார், எழுதுவார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்த் தெருவில் அதே அளவு வீட்டுக்கு எழுதும் தொகையில் பாதிகூட இங்கே வராது. நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் ‘மறுவிற்பனை மதிப்பு குறைவு’ என்று இருந்தது. ஊர்க்காரர் யாரும் சேரியில் வீடு வாங்க மாட்டார் என்பதைச் சாதிப் பெயர் சொல்லாமல் எழுத மூன்று சொல் போதுமாக இருக்கிறது.

சொத்து கேட்காத தனியார் நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது சம்பளச் சீட்டு. வட்டியும் அதிகம். பலர் படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டச் சொல்வார்கள். கொத்தனார் வேலை செய்யும் அப்பாவிடம் சம்பளச் சீட்டு ஏது? சொந்தத்தில் அரசு வேலையில் இருக்கும் ஒரே ஆளைத் தேடிப் போவார்கள். ஒரு குடும்பமே முட்டுக்கொடுத்து நிற்கும் அந்த ஒற்றைத் தூணின் மேல் இன்னொரு மாடி ஏறும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பாடசாலையில் ஒரு தம்பியை இங்கிலாந்துக்குப் போகச் சொன்னவன் நான். ஓராண்டில் முதுகலை முடிந்துவிடும், இரண்டாண்டு தங்கி வேலை தேடலாம், வேலை கிடைத்தால் மூன்றே ஆண்டில் கடன் அடைந்துவிடும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பஸ் கண்டக்டரான அவன் தாய்மாமா தன் சம்பளச் சீட்டைக் கொடுத்தார். தனியார் நிறுவனத்தில் கடன். தம்பி ஒழுங்காகப் படித்தான், நல்ல மதிப்பெண்ணில் தேறினான். பிறகு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தான். நேர்முகம் வரை வந்து, ‘உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா?’ என்ற கேள்வியோடு முடிந்தவை பல. ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கினான். இரண்டாண்டு முடிந்ததும் திரும்பினான். இப்போது சென்னையில் வேலை. சம்பளத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகிறது. மீதியை மாமா கட்டுகிறார். மாமாவின் மகள் பாராமெடிக்கல் சேர வேண்டியவள், ஓராண்டு வீட்டில் இருந்தாள்.

தம்பி என்னைக் குறை சொல்லவில்லை. மாமாவை ஒருமுறை பஸ்ஸிலேயே பார்த்தேன். “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சார்” என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவனோடு அதே பல்கலைக்கழகத்தில் படித்த எங்கள் பகுதிப் பையன் இன்னொருவனும் வேலை கிடைக்காமல்தான் திரும்பினான். அவன் அப்பாவுக்கு நெல் அரவை மில் இருக்கிறது. இப்போது மில் கணக்கைப் பார்க்கிறான், காரில் போகிறான், லண்டனில் எடுத்த படங்களை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறான். இருவரும் தோற்றது ஒரே இடத்தில். ஒருவனுக்கு அது ஓர் அனுபவம். இன்னொருவனுக்குப் பத்தாண்டுத் தவணை.

அதன்பிறகுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். யார் வந்தாலும் எந்த நாடு என்று முதலில் பேசுவதில்லை. நினைத்தது நடக்காமல் போனால் எவ்வளவு கடன் மிஞ்சும், அதை யார் கட்டுவது என்றுதான் கேட்கிறேன். வெற்றி பெற்றால் எந்த நாடும் நல்ல நாடுதான். தோற்றுத் திரும்பினாலும் குடும்பத்தை முழுசாக விட்டுவைக்கிற நாடு எது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அந்தக் கண்ணோடு இங்கிலாந்தைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவருக்கு முதுகலைக் கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. நம் காசில் 23 லட்சத்துக்குமேல். விசாவோடு மருத்துவச் சேவைக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்ட் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். தங்கும் செலவு தனி. படித்தபின் இரண்டாண்டு தங்கி வேலை தேடலாம் என்ற சலுகையை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைக்கிறார்கள். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் வேலை கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளத்தை 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நான் அந்தத் தம்பிக்குக் கணக்குப் போட்ட தாளில் இப்படி விதி நடுவழியில் மாறும் என்று ஒரு வரி இல்லை. மாறும் என்பதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கடந்த இரண்டு ஆண்டுகளாக நடப்பதும் இதுவே.

ஜெர்மனியில் கணக்கு வேறு மாதிரி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே ‘ஜெர்மனி இலவசம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. விசாவுக்கு ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். இதுவும் நமக்கு மலைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே திரும்பி வரும். அரிசி வாங்கவும் வாடகை கொடுக்கவும் அதுதான். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. அதனால் இரண்டாம் ஆண்டைக் கடன் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம். எதுவுமே நடக்காமல் திரும்பினாலும் மிஞ்சும் கடன், இங்கிலாந்துக் கடனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

ஜெர்மன் மொழி தெரியாமல் அங்கே நல்ல வேலை கிடைப்பது கடினம். பலர் இதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் பின்தங்குவது அறிவால் அல்ல. மற்றவர்கள் மூன்று தலைமுறையாக வீட்டில் பேசி வளர்ந்த மொழியை நாம் கல்லூரியில் தொடங்குகிறோம். ஜெர்மன் அப்படி இல்லை. கான்வென்ட்டில் படித்த பையனும் அதை முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே கோட்டிலிருந்து ஓட நமக்குக் கிடைக்கும் அரிய பந்தயம் அது.

அந்த வழவழப்பான அட்டையில் ஜெர்மன் கொடி ஏன் இல்லை? கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் மாணவர் கட்டணத்திலிருந்து கமிஷன் தருகின்றன. கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் எதிலிருந்து கமிஷன் தரும்? அட்டையில் கொடிகள் எப்படி வரிசையாகின என்பதற்கு இது போதும்.

ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி இடத்துக்குப் பெரும்பாலும் மாணவர் பணம் கட்டுவதில்லை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதாமாதம் சம்பளம் போல ஒரு தொகையும் தருவார்கள். பல துறைகளில் இளநிலை முடித்தே நேராக விண்ணப்பிக்கலாம். கடன் வாங்கி முதுகலை, பிறகு பிஎச்.டி என்று போகிறவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. தெரிந்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அங்கே இருப்பார். தகவலும் பரம்பரைச் சொத்துதான். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலையும் அப்படியே. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும்.

அரசு உதவித்தொகைக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பலருக்கு நாட்டைத் தேர்ந்தெடுப்பதே அதுதான். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954–55இல் தொடங்கியது. எழுபதாண்டு கழித்தும் மொத்தம் 125 இடம், அதில் பட்டியலினத்தவருக்கு 115. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். உலகத் தரவரிசையில் முதல் 500 பல்கலைக்கழகங்களுக்குள் இடம் வாங்கியிருக்க வேண்டும். 2022இல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகியவற்றுக்குத் தர முடியாது என்று விதி போட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஏன் படிக்கிறாய் என்பதுதான் அதன் பொருள். 1916 மே மாதம் கொலம்பியாவில் ஓர் இளைஞர் இந்தியாவின் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். இந்த விதிப்படி இன்று அவருக்குப் பணம் கிடையாது. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிதி ஒப்புதல் வரவில்லை என்று முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். அட்மிஷன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கடைசித் தேதியை எண்ணிக்கொண்டிருந்த மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

கிடைத்தாலும் நாட்டைப் பார்த்துத்தான் சேர வேண்டும். 2024–25 விதிகளின்படி இங்கிலாந்தில் படிப்பவருக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகை 9,900 பவுண்ட். லண்டனில் ஒரு மாணவர் 9 மாதம் வாழவே 13,347 பவுண்ட் வேண்டும் என்று 2025இல் பிரிட்டிஷ் உள்துறை வகுத்தது. நம் அரசு 12 மாதத்துக்குத் தருவது அதில் முக்கால் பங்கு. லண்டனில் இடம் கிடைத்த நம் பிள்ளை, வேறு ஊரில் கிடைத்த இடத்தையும் எடுத்து மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். லண்டன் பெயருக்காக வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதில் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர்களும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையைப் பிடித்துக்கொண்டு ஒன்றிய அரசு அவர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எங்கள் காலனியில் பாதி வீடு மாதாகோயிலுக்குப் போகும் வீடு. அவர்களுக்கு இருக்கும் ஒரே கதவு இந்த மாநிலத் திட்டம். வெளிநாடு போக நினைக்கிறவர்கள் கன்சல்டன்சிக்குப் போவதற்கு முன் போக வேண்டிய இடம் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம்.

பாபாசாகேப்பின் படத்தை மாட்டாத பாடசாலை நம்மிடம் இல்லை. ஆனால் அவர் எப்படி வெளிநாடு போனார் என்ற கணக்கை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1913இல் அவர் நியூயார்க் போனது பரோடா மன்னர் மூன்று ஆண்டுகளுக்குத் தந்த மாதம் பதினொன்றரை பவுண்ட் உதவித்தொகையில். 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அவர் திரும்பியது மதிப்பெண் குறைந்ததால் அல்ல, உதவித்தொகை முடிந்ததால். மூன்றாண்டு கழித்து மறுபடியும் கப்பல் ஏறியபோது பம்பாயில் பேராசிரியராக இருந்து சேர்த்த சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன் எல்லாம் சேர வேண்டியிருந்தது. பிறகு ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பெயரைப் பதிவுசெய்து வைத்தார். அவ்வளவு பெரிய மூளைக்கே பணம்தான் கால அட்டவணை போட்டது. நம் பிள்ளைகள் அதைக் கணக்கில் எடுத்தால் அது கோழைத்தனம் ஆகாது.

இனி அந்த அம்மாவின் கேள்வி.

வெள்ளைக்காரர் கேட்க மாட்டார். அவருக்கு நாம் எல்லோரும் ஒரே பழுப்பு நிறம். அந்த நிறத்துக்கான வெறுப்பு தனியாக இருக்கிறது. குடியேறிகளுக்கு எதிராகவே வளர்ந்த கட்சி 2025 ஜெர்மன் தேர்தலில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வாக்கு வாங்கியது. அதையும் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. ஆனால் சாதியைக் கேட்கப்போவது அறையைப் பகிரப்போகும் நம்மவர்கள்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று முடிவெடுத்த மண் நம்முடையது. அதன் பலனாக நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். வடநாட்டு மாணவர் சர்நேமைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போவார். தமிழருக்கு வேறு வழிகள் தெரியும். ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? எந்தத் தலைவர் படத்தை ஸ்டேட்டஸ் வைக்கிறாய்? இந்த நான்கில் ஒன்று போதும். இங்கிலாந்து போன தம்பி ஆறு பேர் தங்கிய வீட்டில் இருந்தான், எல்லோரும் தமிழ்ப் பையன்கள். இவன் மாட்டுக்கறி சமைத்த அன்று ஒருவன் கேட்டானாம், “நீங்க வீட்லயே இத செய்வீங்களா ப்ரோ?” அடுத்த வாரம் இவனுக்கென்று தனிச் சட்டி வந்துவிட்டது. சண்டை இல்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. சட்டி மட்டும் தனியாகிவிட்டது. கடல் தாண்டி வந்த இரட்டைக் குவளை.

இன்னொன்று. உதவித்தொகையில் போகிறவரிடம் யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டால், பதிலிலேயே சாதி வந்துவிடும். அம்பேத்கர் பெயரைச் சொன்ன நொடியில் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பற்றி எனக்குச் சொல்லாத பிள்ளை குறைவு.

அப்படி நடந்தால் புகார் கொடுக்க எங்கே சட்டம் இருக்கிறது? இங்கேதான் நாடு முக்கியமாகிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சட்டமே இயற்றியது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சில இந்து அமைப்புகள் எவ்வளவு வேகமாக அதை எதிர்த்தன என்பதே சாதி அங்கே இருப்பதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் 2013இல் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க நாடாளுமன்றம் சொன்னது. ஐந்தாண்டு இழுத்து, 2018இல் சேர்க்கப் போவதில்லை என்று அரசு கைவிரித்தது. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கில், இன அடையாளம் என்ற சொல்லுக்குள் சாதி அடங்கக்கூடும் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு ஊதிய பாக்கியாக 1,83,000 பவுண்டுக்குமேல் வழங்க மறு ஆண்டு உத்தரவானது. கதவு முழுசாகத் திறக்கவில்லை, இடுக்கு உண்டு. ஜெர்மனியின் சமநடத்தைச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. 2020இல் பெர்லின் மாநிலம் இயற்றிய சட்டத்தில் மட்டும் ‘சமூக நிலை’ என்று ஒரு காரணம் இருக்கிறது. அதை வைத்து நம்மவர்கள் யாராவது வாதாடிப் பார்க்க வேண்டும்.

ஆக, செலவு குறைந்த நாட்டில் சாதிக்கு எதிரான பாதுகாப்பு குறைவு. பாதுகாப்பு ஓரளவு இருக்கும் இடத்தில் செலவு தலைக்குமேல். இரண்டும் பொருந்தும் நாடு இன்றைக்கு இல்லை. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் நகரங்களில் பஞ்சாபிலிருந்து போன ரவிதாசியர்களும் அம்பேத்கரியர்களும் பல பத்தாண்டுகளாக வேரூன்றியிருக்கிறார்கள். ஆபத்தென்றால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம். ஜெர்மனியின் சிறு பல்கலைக்கழக ஊர் ஒன்றில் நம் பிள்ளை தனியாக இருக்கும். இந்தியர்களே குறைவாக உள்ள ஊர் வேண்டும் என்று கேட்டுப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். முதல் குளிர்காலத்தில் அவள் தினமும் ராத்திரி போன் செய்தாள்.

என் முடிவு இது. முழு உதவித்தொகை கையில் வந்துவிட்டால், நல்ல துறையும் நல்ல வழிகாட்டியும் இருக்கிற எந்த நாட்டுக்கும் போகலாம். அமெரிக்கா, இங்கிலாந்து எதற்கும் அஞ்ச வேண்டாம். கடனில்தான் போக வேண்டும் என்றால், கட்டணம் இல்லாத நாட்டுக்கு மட்டும். மாமாவின் சம்பளச் சீட்டை வைத்து, பெயர் தெரியாத பல்கலைக்கழகத்தின் ஓராண்டு முதுகலைக்கு 30 லட்சம் கடன் வாங்கச் சொல்ல நான் இனி யாருக்கும் வாய் திறக்க மாட்டேன். இது பிள்ளைகளின் கனவைச் சுருக்குவதாகச் சில தோழர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்தக் கண்டக்டரின் பஸ்ஸில் ஒருமுறை ஏறிவிட்டு வந்து பேசட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கடைசியில் உள்ளதைச் சொன்னேன். “அந்த நாட்டுக்காரங்க கேக்க மாட்டாங்கம்மா. நம்ம ஊர்லேர்ந்து வந்தவங்க கேப்பாங்க.”

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். “நம்ம ஊர்க்காரங்கள சமாளிச்சிக்குவா தம்பி. பொறந்ததுலேர்ந்து பாக்குறவதானே. கடன் எவ்ளோ நிக்கும், அத சொல்லுங்க.”

மகள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் யூரோவை ரூபாயாக்கிக்கொண்டிருந்தாள். மாநில உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பிப்பது, அது வராவிட்டால் மட்டும் முடக்கக் கணக்குக்குப் பணம் புரட்டுவதைப் பேசுவது என்று முடிவானது. ஜெர்மனிக்கு இந்திய மாணவர் பெரும்பாலோர் வாங்க வேண்டிய ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். அதைப் பாடசாலை நிதியிலிருந்து கடனாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம், வட்டி இல்லை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போனபோதுதான் தெரிந்தது, ஆதாரில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. முதலில் அதைத் திருத்த வேண்டும்.